ரெபேக்காள் போட்ட டீ

ரெபேக்காளைப் பற்றிக் குற்றாலத்திலும் தென்காசியிலும் இரண்டு பொய்கள் உலவின. டீயில் பழ எசென்ஸ் ஊற்றினாள் என்பது ஒன்று. சீனாக்காரனுக்கு வேண்டப்பட்டவள் என்பது மற்றொன்று. பரப்பியவர்களில் பாதிப் பேர் அவள் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள். நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அவள் கணவர் ஏசுதாசன் குற்றாலத்துக்கு மேலே மலையில் ஒரு பழத்தோட்டத்துக் காவலாளி. மங்குஸ்தானும் கிராம்பும் நின்ற அந்தத் தோட்டத்தின் மூலையில், பழைய முதலாளி வைத்து மறந்துபோன நாற்பது தேயிலைச் செடிகள் கிடந்தன. இலையை அவள் பறித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். 1958 ஆடியில் ஒரு நாள் கூடை நிறைய இலையோடு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வழுக்குப் பாதையில் கூடை குலுங்கிக் குலுங்கி, வீடு வந்து சேர்வதற்குள் இலையெல்லாம் வாடி ஓரம் சிவந்துவிட்டது. நடுவில் மட்டும் பச்சை. எறிய மனமில்லாமல் இரும்புச் சட்டியில் வறுத்து, கையால் உருட்டிக் காயவைத்தாள். மறுநாள் வெந்நீரில் போட்டதும் வீடெல்லாம் பழுத்த கொய்யா வாசம்.

"ஏட்டி, பழம் எதையும் பிழிஞ்சு விட்டியா?" என்று ஏசுதாசனே கேட்டார்.

தேன் நிறத்தில் இருந்தது அந்த டீ. முதல் மடக்கில் கொய்யா. அதற்கு அடியில் மங்குஸ்தானின் லேசான புளிப்பு. விழுங்கிய பிறகுதான் நாக்கின் ஓரத்தில் தித்திப்பு ஊறும். தற்செயலாக வந்ததை மறுபடி வரவைக்க அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இலையை நிழலில் வாடவிட்டு, சுளகில் போட்டுக் குலுக்கி, வாசம் மாறும்வரை முகர்ந்து முகர்ந்து பார்த்து வறுப்பாள். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, பிந்தினால் சாதாரண டீ.

அருவிக்குப் போகும் பாதையில் கடை போட்டாள். பால், சீனி கேட்டால், "ஒரு மடக்கு வெறுமனே குடிங்க, பெறவு பேசுங்க" என்பாள். சாரல் காலத்தில் ஈரத்துணியோடு ஆட்கள் காத்து நின்றார்கள்.

தென்காசி வட்டாரக் கடைகளுக்கெல்லாம் டீத்தூள் போட்டுவந்த சிவனணைந்தபெருமாளுக்கு அது பொறுக்கவில்லை. எசென்ஸ் கலக்கிறாள், பிள்ளைகளுக்கு ஆகாது என்று கடை கடையாகச் சொன்னார். ரெபேக்காள் நேரே அவர் கடைவாசலில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு மலைக்கு வாங்க. பறிக்கதுல இருந்து வறுக்கது வரைக்கும் பக்கத்துல இருந்து பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

"எனக்கு வேற சோலி இல்லையாக்கும்?" என்று சிரித்தார். சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

1962 சாரலுக்கு ஆதித்தன் என்றொருவர் குளிக்க வந்தார். கொச்சியில் முப்பது வருஷம் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கிளாஸ் குடித்தார், இன்னொன்று கேட்டார்.

"இதுக்குப் பேரு ஊலாங், அம்மா. பாதி புளிச்ச தேயிலை. சீனாவுல இப்படித்தான் செய்வாங்க. பக்குவம் சரியா இருந்தா பழவாசம் தானா வரும். யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"யார்ட்டயும் இல்ல."

பொய்க்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நம்பி, "ஊலாங் டீ. சீனாவில் செய்வது போல" என்று பலகை எழுதி மாட்டினாள்.

அந்த ஐப்பசியில் சீனாவோடு சண்டை வந்தது. "நம்ம பயலுவ அங்கன பனியில சாவுதானுவ, இவ இங்கன சீனா டீ விக்கா" என்று சிவனணைந்தபெருமாள் கிளப்பிவிட்டார். ஒரு காலையில் ஐந்து பேர் வந்து பலகையைப் பிடுங்கி உடைத்தார்கள். கிளாஸ்களைப் பாதையில் வீசினார்கள். டீயைச் சாக்கடையில் கொட்டினார்கள். ஐந்து பேரும் அவள் கடையில் குடித்தவர்கள்.

ரெபேக்காள் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வந்து நின்றாள். "என் தம்பி ஏசுவடியான் அந்தப் பனியிலதாம்லே நிக்கான். உங்க வீட்ல இருந்து யாரு போயிருக்கா? சொல்லுங்கலே!"

ஐந்து பேரும் சில்லுகளை மிதித்துக்கொண்டு பாதையில் இறங்கிப் போனார்கள்.

"பேர மட்டும் மாத்திருவோம்ட்டி. மலை டீன்னு எழுதுவோம்" என்றார் ஏசுதாசன்.

"பொய் சொன்னவன் மாத்தட்டும். நான் எதுக்கு மாத்தணும்?"

நான்காம் நாள் அதே எழுத்தோடு புதுப் பலகை ஏறியது. மாசக்கணக்கில் கடையில் ஈ கூட உட்காரவில்லை. அவள் மட்டும் தினமும் அடுப்பு மூட்டினாள். மறுவருஷம் ஏசுவடியான் பனியில் இரண்டு கால்விரல்களை இழந்து ஊர் திரும்பினான். பட்டாளத்து உடுப்போடு அக்கா கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தான். அதைப் பார்த்த பிறகுதான் ஊருக்குச் சுரணை வந்தது. ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த ஐந்து பேருக்கும் அவள் கிளாஸை நீட்டவில்லை. "செஞ்சது தப்புன்னு சொல்லிட்டுக் குடிங்க" என்றாள். மூன்று பேர் சொன்னார்கள். இரண்டு பேர் முறைத்துக்கொண்டு போனார்கள். போகட்டும் என்று விட்டாள்.

1965இல் சிவனணைந்தபெருமாள் வீட்டுக்குப் பெரிய இடத்து விருந்தாளிகள் வந்தார்கள். அந்தப் பழவாச டீதான் வேண்டும் என்று அவர்கள் கேட்க, அவர் தன் மைத்துனரை டப்பாவோடு அனுப்பினார்.

"அண்ணாச்சிய வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ரெபேக்காள் சுளகைக் குலுக்கினாள்.

அவர் வரவில்லை. அவளும் கொடுக்கவில்லை.