வைக்கிங் தலைவனின் வலது கை

எனக்கு மன்னியின் மேல் பொறாமை. இந்த வயதில் அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? மன்னி என்றால் என் கணவருடைய அண்ணாவின் மனைவி. திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில், ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் இருந்தோம். அவள் தஞ்சாவூர்ப் பெண், நான் திருநெல்வேலி. அவளுக்குச் சித்திரம் வரும். எனக்கு என்ன வரும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

என் கணவருக்குக் கல்லூரிச் சோதனைச்சாலையில் வேலை. அங்கிருந்த வெள்ளைக்கார புரொபசர் ஊருக்குத் திரும்பும்போது அவருக்கு ஒரு மரப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். திறந்தால், வைக்கோலுக்குள் அறுபது ஈயப் பொம்மைகள். வைக்கிங்குகளாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவின் வடகோடியிலிருந்து படகேறி வந்து கொள்ளையடித்த கூட்டமாம். உடம்பு தனி, கை தனி, கோடரி தனி, கேடயம் தனி. எல்லாவற்றையும் ஒட்டி, வர்ணம் பூசி, இரண்டு படையாகப் பிரித்துத் தரையில் சண்டை விட வேண்டும். அண்ணா தம்பி இருவருக்கும் பைத்தியமே பிடித்துவிட்டது.

ஒட்டுவது நான், வர்ணம் மன்னி என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

ஈயப் பிசிறை அரத்தால் ராவ வேண்டும். குங்கிலியத்தையும் தேன்மெழுகையும் சேர்த்து உருக்கி, ஊசிமுனையில் ஒரு சொட்டு எடுத்துத் தோளில் வைத்து, கையைப் பொருத்தி, நூறு எண்ணும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் கொப்புளம். நன்றாக ஒட்டினால் ஒட்டின இடமே தெரியாது. தெரியாத வேலையை யார் மெச்சுவார்கள்?

மன்னியோ சாலைக் கடைத்தெருவில் வாங்கி வந்த வர்ணங்களைப் பரப்பிக்கொண்டு, அணில் வால் முடித் தூரிகையோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். தாடிக்கு மஞ்சள், சட்டைக்கு அரக்கு. கேடயங்களில் தாமரை, கிளி, மாங்காய் என்று வரைந்து தள்ளினாள். கொள்ளைக்காரர்கள் சீமந்தத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தார்கள். என் கணவர் பார்த்துச் சிரிக்கப்போகிறார் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

அவர் ஒரு பொம்மையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மன்னி, உங்க கை கையா, என்னதாக்கும் இது! உசிர் வந்துடுத்து கேட்டேளா" என்றார். என் பக்கம் திரும்பி, "மெழுகு மிச்சம் இருக்கோ?" என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை. "நன்னா ஒட்டியிருக்கே" என்றால் போதும். அது கடைசிவரை வரவில்லை.

கடைசியாகப் படைத்தலைவன். மற்றவர்களைவிட அரை விரல் உயரம். குறுக்காக ஓங்கிய வலது கையில் கோடரி. கை மார்பை மறைத்ததால், அவனுக்கு மட்டும் வர்ணம் பூசியபின் கையை ஒட்ட வேண்டியிருந்தது. மன்னி அவனோடு நாலு நாள் மல்லுக்கட்டினாள். நான் அந்தக் கையைக் குங்கிலியம் சேர்க்காமல் வெறும் மெழுகில் ஒட்டினேன். அவளுடைய செல்லப் பிள்ளை எல்லோர் முன்னாலும் முடமாகி நிற்கட்டும் என்று நினைத்தேன். பழி யார் தலையில் விழும் என்று யோசிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் சாக்கட்டியால் ஆறு வரைந்து, இரு கரையிலும் படைகளை நிறுத்தினார்கள். தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்குத் தக்கபடி நகர்த்தினார்கள். நல்ல உச்சி வெயில். என் கணவர் தலைவனை எடுத்து ஆற்றைத் தாண்ட வைத்தார். கை கழன்று, கோடரியோடு தரையில் விழுந்து உருண்டது.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வர்ணத்தில் ஒரு கீறல் இல்லை.

"உன் வேலையாக்கும் இது. ஒரு கை ஒட்டத் தெரியலையே உனக்கு!"

அத்தனை மாதத்தில் முதல்முறையாக என் வேலையைப் பார்த்தார்.

மன்னி சமையலறையிலிருந்து வந்தாள். விழுந்த கையை எடுத்து, நகத்தால் மெழுகைச் சுரண்டி மோந்து பார்த்தாள். குங்கிலிய வாசனை இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவளைச் சொல்லாதேங்கோ. வர்ணம் காயட்டும்னு நான்தான் வெயில்ல வச்சுட்டேன். மெழுகு இளகிடுத்து."

அவள் வெயிலில் வைக்கவே இல்லை. அது எனக்குத் தெரியும்.

"கண்டயா, மன்னியோட மனசை! தானே தப்பை ஏத்துக்கறா" என்றார் என் கணவர். அந்த மெச்சுதலும் அவளுக்கே போயிற்று. அவர் இன்னும் நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் குங்கிலியம் சேர்த்து உருக்கி, அந்தக் கையை ஒழுங்காக ஒட்டினேன். நூறு எண்ணி முடிக்கும்வரை மன்னி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "உன் மைச்சிமிழைக் கொண்டு வா" என்றாள்.

கொண்டு வந்து கொடுத்தேன். தூரிகை நுனியில் மையைத் தொட்டு, தலைவனின் கன்னத்தில், மஞ்சள் தாடிக்கு மேலே, கடுகளவு ஒரு பொட்டு வைத்தாள்.

"கொள்ளைக்காரனுக்குப் போய்த் திருஷ்டிப் பொட்டா, மன்னி?" என்று கேட்டேன்.

"கண் பட்டிருக்கே" என்றாள், சிமிழை மூடி என் கையில் கொடுத்தபடி.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு வெளியார் யாரும் வரவில்லை.