பத்தொன்பதாம் திகதி நான் மாமி வீட்டில்

இந்த நாட்டில் எதை வேண்டாம் என்று சொன்னாலும் சந்தோஷப்படுகிறார்கள். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம் என்றால் ‘பெர்ஃபெக்ட்’ என்கிறார்கள். சாமான் போடப் பை வேண்டாம் என்றால் அதற்கும் ‘பெர்ஃபெக்ட்’. கனடாவின் மேற்குக் கரையில், மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றைத் தவிர வேறு பெரிதாக ஒன்றுமில்லாத ஒரு சிற்றூருக்கு நான் வந்து சேர்ந்த முதல் வாரம், ஃபோன் கடையில் பச்சை நகப்பூச்சுப் பூசியிருந்த ஒரு பெண்ணிடம், எனக்கு டேட்டா வேண்டாம், கோல் மட்டும் போதும், நான் குடியிருக்கிற வீட்டில் வைஃபை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தெளிவாகவே சொன்னேன். “பெர்ஃபெக்ட்!” என்றாள். முதல் பில் வந்தபோது டேட்டாவுக்கு என்று தனியாக ஒரு வரி இருந்தது. பில்லை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்மார்ட் ஃபோன் வைத்திருந்தால் டேட்டா கட்டாயம், அது கம்பனியின் விதி என்றாள். நான் அதைத் தொடவே இல்லையே என்றேன். “தொட்டுப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும்” என்றாள். எனக்கு ஏதோ நல்லது செய்துகொண்டிருப்பதாகவே அவள் நம்பினாள். அவளுடன் சண்டை பிடித்துக்கொண்டிருப்பதாக நான் நம்பினேன். கடைசியில் இருவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிப் பிரிந்தோம்.

ஊரில் இப்படி இல்லை என்று பெருமை பேச எனக்கு வாய் வராது. மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த கொமினிகேசன் கடையில் நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டுவிட்டு வெளியே வருவதற்குள், நான் கேட்காத ஒரு பாட்டைக் கோலர் டியூனாக வைத்து அதற்குக் காசு வெட்டியிருப்பார்கள். கூப்பிடுகிறவர்களெல்லாம் என் செலவில் அந்தப் பாட்டைக் கேட்பார்கள். ஒருமுறை எங்கள் மெதடிஸ்த தேவாலயத்துப் போதகர் கோல் எடுத்துவிட்டு, முதலில் பாட்டைப் பற்றித்தான் விசாரித்தார். ஆகவே அங்கே பாட்டுப் பாடி எடுத்தார்கள், இங்கே நன்றி சொல்லி எடுக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் ஊரில் காசு வெட்டினால் கடைக்காரனுடன் வாய்விட்டுச் சண்டை போடலாம். பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் சேர்ந்து ஏசுவார்கள், மனம் ஆறிவிடும். இங்கே கோபத்துக்குத் துணைக்கு ஆளில்லை. பில்களை ஒவ்வொன்றாக ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு வைத்தேன். என்றைக்காவது ஒரு நாள் ஆங்கிலம் நன்றாக வந்ததும், எல்லாவற்றையும் அந்தக் கம்பனியின் மேசையில் தூக்கிப் போட்டுக் கதைப்பதாகத் திட்டம்.

இதற்கிடையில் எனக்குக் கலியாணம் நடந்தது. நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் ஊருக்குப் போய் செட்டிபாளையத்தில் டிலானியைக் கட்டினேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கட்டுகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டும். டிலானிக்கென்று அவளுடைய அம்மா, அதாவது என் மாமி, அப்போதே ஒரு வீட்டைக் கட்டி, சுவருக்கு நீலம் அடித்து, முற்றத்திலிருந்து பார்த்தால் வாவி தெரிகிற மாதிரி வாசலும் வைத்திருந்தார். அந்த வீட்டில் நான் இருபது நாள் இருந்தேன். லீவு முடிந்தது, பெட்டியை மறுபடி தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். மாமி அழவில்லை. “மாப்பிள்ளை வீட்ட இல்லாத வீடு எண்டு சனம் கதைக்கப்போகுது” என்று மட்டும் சொன்னார். அவருக்கு அதுதான் கவலை. எனக்கு என் மனைவியை இங்கே கூப்பிட விண்ணப்பித்த ஃபைல் எப்போது அசையும் என்பது கவலை. ஒரு வருடமாகலாம், இரண்டாகலாம், இல்லை என்றும் சொல்லலாம் என்றார்கள்.

நான் இருப்பது ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில். வீட்டுக்காரரின் வைஃபை மேல்தளத்தில். படிக்கட்டில் ஆறாவது படியில் நின்றால்தான் டிலானியின் முகம் அசையும், அதற்குக் கீழே இறங்கினால் படமாக உறைந்துவிடும். வேலையால் வந்த களைப்பில் அந்தப் படியில் நின்று எவ்வளவு நேரம் கதைக்க முடியும்? பத்து நிமிடம். கட்டாய டேட்டாவைத் திறக்கவோ பயம், எல்லையைத் தாண்டினால் அதற்கு மேலதிகக் கட்டணமும் போடுவார்களாம். இந்தக் கொடுமையை ஒருநாள் மாமியிடம் சொன்னேன். பாவிக்காமல் மிஞ்சிய டேட்டா ஒவ்வொரு மாதமும் பத்தொன்பதாம் திகதியோடு அழிந்துவிடும் என்றும் சொன்னேன்.

“மிச்சம் கிடந்தா இஞ்ச அனுப்பிவிடுங்களன் மகன்” என்றார் மாமி.

“அது அனுப்பேலாது மாமி.”

“பொறகு என்னத்துக்குக் காசு வாங்கிறானுகள்? காசு குடுத்த சாமான ஆரும் குப்பையில போடுவாங்களா? இருந்து முடிச்சுப்போட்டு எழும்புங்க.”

சோற்றுக்கோப்பையைப் பார்த்துச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். எனக்கு அது உடனே விளங்கியது. அந்த மாதம் பத்தொன்பதாம் திகதி வேலை முடிந்து வந்ததும் வைஃபையை அணைத்தேன், டேட்டாவைத் திறந்தேன். எனக்கு மாலை ஐந்து மணி, செட்டிபாளையத்தில் இருபதாம் திகதி விடிந்துகொண்டிருந்தது. டிலானி ஃபோனை அடுப்படிக் கட்டின் மேல் உப்புப் போத்தலில் சாத்தி வைத்தாள். நான் என்னுடையதை அரிசி டின்னில் சாத்தினேன். முதல் அரை மணித்தியாலம் கதைத்தோம், பிறகு கதை முடிந்துவிட்டது. ஆனால் டேட்டா முடியவில்லையே! அவள் பிட்டு அவித்தாள், நான் சோறு வடித்தேன். அவள் முற்றம் கூட்டினாள், நான் காலுறை தோய்த்தேன். மாமா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு திரையின் இந்தப் பக்கத்தால் வந்து அந்தப் பக்கத்தால் போனார். ஃபோன் இருப்பதே அவருக்குத் தெரியாது. இரவு பத்து மணிக்கு, டேட்டா முடியப்போகிறது என்று கம்பனி செய்தி அனுப்பியது. ஐந்து மணித்தியாலம் நான் என் மனைவியின் வீட்டில் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கலியாணம் முடித்த அன்றுகூட இவ்வளவு இல்லை, அன்று படம் எடுக்கிறவன் பாடாய்ப் படுத்திவிட்டான்.

அதிலிருந்து எந்தப் பத்தொன்பதையும் விடவில்லை. மாமி கொஞ்ச நாளில் விஷயத்தைத் தன் கையில் எடுத்தார். பிட்டு இறங்கியதும் ஃபோனை விறாந்தைக்குக் கொண்டுபோய், ஒரு கதிரையில் வைத்து, என் முகம் வாசலைப் பார்க்கும்படி திருப்பிவிடுவார். வீதியால் போகிற பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

“என்னகா, ஆம்பிளச் சத்தம் கேக்குது? ஆரு வந்திருக்கா?”

“எங்கட மருமகன்தான்கா. வீட்டதான் இருக்கார்.”

நான் கதிரையிலிருந்தபடி அவர்களிடம் சுகம் விசாரிப்பேன். மேற்சட்டை இல்லாமல் இருந்த ஒரு தடவைக்குப் பிறகு, பத்தொன்பதாம் திகதிகளில் ஒழுங்காக உடுத்துக்கொண்டு உட்காரப் பழகினேன்.

பதினான்கு மாதத்துக்குப் பிறகு டிலானியைக் கொழும்புக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். உண்மையாகவே கணவன் மனைவிதானா என்று பார்ப்பதற்கு. நாங்கள் கதைத்ததற்கு ஆதாரமாகக் கோல் விபரங்களையெல்லாம் முன்பே அனுப்பியிருந்தேன். அன்று நான் வேலை செய்கிற ஆலையில் மீன் வெட்டும்போது ஒரே யோசனைதான். இல்லை என்று சொல்லிவிட்டால் இன்னும் எத்தனை வருடம் அந்த ஆறாவது படி? வீட்டுக்கு வந்து, நடுச்சாமம் வரை விழித்திருந்து படியில் நின்றபோது அவள் முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்றே தெரியவில்லை.

“இஞ்சாருங்க, நான் உண்மையச் சொல்லிப்போட்டன்” என்றாள்.

நடந்தது இதுதான். கனடாக்கார அதிகாரி கோல் விபரத்தைப் பார்த்து, மற்ற நாட்களில் பத்து நிமிடம், பத்தொன்பதாம் திகதி மட்டும் ஐந்து மணித்தியாலம், அது உங்கள் சமயத்தில் ஏதும் விசேட நாளா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறாள். அப்படியானால் அவ்வளவு நேரமும் என்ன பேசுவீர்கள்? “ஒண்டும் கதைக்கிறல்ல சேர்” என்றிருக்கிறாள் என் மனைவி. மொழிபெயர்க்க வந்தவர் பதறிப்போய், “தங்கச்சி, யோசிச்சுச் சொல்லுங்க” என்றாராம். “யோசிச்சுத்தான் சொல்றன், அப்பிடியே சொல்லுங்க” என்றாளாம்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததில் அவள் முகம் உறைந்துவிட்டது, மறுபடி எழும்ப வேண்டியதாயிற்று.

கதைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அவள் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். அவர் சோறு வடிக்கிற பானையின் ஒரு கைபிடி ஆடுது, வாங்கச் சொன்னாலும் புதுசு வாங்கமாட்டார். காலுறையைச் சூடாக்கிக்கு மேலே காயப்போடுவார், ஒருநாள் கருகினது. ஆறு மணிக்கு மேல்வீட்டு நாய் இறங்கி வரும், அதுக்கு முட்டை அவிச்சு வைப்பார், அதுக்குப் பேர் இருக்கு, ஆனா அவர் ‘டேய்’ எண்டுதான் கூப்பிடுவார். சாப்பிடக்குள்ள அவருக்கு இடக்கால் ஆடும். இவ்வளவையும் மொழிபெயர்ப்பாளர் மூச்சு விடாமல் சொல்லி முடித்திருக்கிறார். பிறகு ஏன் பத்தொன்பது என்ற கேள்விக்கு வந்திருக்கிறார்கள். கட்டாய டேட்டா, அழிந்துபோகும் மிச்சம், மாமியின் தீர்ப்பு எல்லாம் சொன்னாளாம். அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் ஏதோ வேகமாகப் பேசினாராம். மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம்.

“சேருட அம்மாக்கும் அதே பில்தானாம் வாறது. அவ பாவிக்கிறதே இல்லையாம்.”

முடிவைச் சொல்லாமல் ஒரேயொரு விஷயம் கேட்டு அனுப்பினார்கள். பில்கள் இருக்கின்றனவா? இருக்காமல் என்ன! கம்பனியின் மேசையில் தூக்கிப் போடுவதற்காக வைத்திருந்த கோப்பு அப்படியே கிடந்தது. ஒவ்வொரு மாதமும் பத்தொன்பதாம் திகதி வரைக்கும் டேட்டா தொடப்படாமலும் அன்றைக்கு மட்டும் கடைசிச் சொட்டு வரை தீர்ந்தும் இருந்தது. கட்டாயக் கட்டணம் என்ற அந்த வரியை நான் முதல்முறையாக அன்போடு பார்த்தேன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். ஐந்து வாரத்தில் விசா குத்துவதற்குக் கடவுச்சீட்டைக் கேட்டார்கள்.

டிலானி வந்த மறுவாரம் அவளுக்கு ஃபோன் வாங்க அதே கடைக்குப் போனோம். பச்சை நகப்பூச்சு இப்போது ஊதாவாகியிருந்தது. டேட்டா கட்டாயம் என்று அந்தப் பெண் சொல்ல வாயெடுக்கும் முன்பே டிலானி, தான் மனப்பாடம் செய்து வந்த ஆங்கிலத்தில், டேட்டா வேண்டும் என்றாள். “பெர்ஃபெக்ட்!” வெளியே வந்து நடைபாதையில் நின்று இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆங்கிலம் எனக்கு இப்போது போதுமான அளவு வரும். சண்டைதான் வரவில்லை.

பிறகு பத்தொன்பதாம் திகதி வந்தது. இரண்டு ஃபோனின் டேட்டாவையும் முடித்தாக வேண்டும். என் ஃபோனை அரிசி டின்னில் சாத்தி மாமிக்கு எடுத்தேன். மாமி உப்புப் போத்தலில் சாத்தியிருந்தார். அடுப்படி, அதற்கு அப்பால் முற்றம், கோழிகள், வெயில் ஏறத் தொடங்கிய வாவி எல்லாம் அதே இடத்தில் இருந்தன. என் கண் தன்பாட்டில் டிலானியைத் தேடியது. விளக்குமாற்றோடு இப்போது வருவாள், இப்போது வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றம் கூட்டாமல் கிடந்தது.

“என்னத்தத் தேடுறீங்க?” என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. திரும்பினேன். ஆடுகிற கைபிடியைச் சீலைத்துண்டால் பிடித்துக்கொண்டு அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். “உன்னத்தான்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. பானையை வைத்துவிட்டு என் தோளுக்கு மேலால் எட்டி, கூட்டாத அந்த முற்றத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அப்போது மாமி ஃபோனைத் தூக்கினார். வாவி சரிந்து, கூரை சரிந்து, விறாந்தைக் கதிரைக்கு வந்தோம். வாசல் தெரிந்தது. வீதியால் போன ஒரு பெண் நின்றாள்.

“ஆருகா வந்திருக்கா?”

“மகளும் மருமகனும்தான்கா. ரெண்டு பேரும் வீட்டதான் இருக்காங்க. உள்ளுக்கு வாங்களன்.”

அந்தப் பெண் வாசல் படலையைத் திறந்தாள். டிலானி கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைச் சரிசெய்துகொண்டேன்.