செரோக்கி மண்டபத்தில் ஐந்து சனிக்கிழமைகள்

அருங்காட்சியகக் காவல் என்பது "தொடாதீர்கள்" என்ற ஒரே சொல்லை நாள் முழுக்க முகம் கோணாமல் சொல்லும் தொழில். எங்காவது ஒரு மூலையில் நின்று அதைச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்கத் தேவையில்லை. நான் சுவிஸில் படிப்பது கணினி. சனிக்கிழமைகளில் டீட்டிகோனில் ரயில் ஏறி, ஆராவில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் போய் நிற்பேன். அந்த முறை எனக்குக் கிடைத்தது அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களின் கண்காட்சி. அதுவரை செரோக்கி என்றால் எனக்கு ஒரு காரின் பெயர்.

இல்லாத கூடாரம்

முதல் நாளே ஓய்வுபெற்ற ஒருவர் வந்து, "கூடாரம் எங்கே?" என்று கேட்டார். மாறுவேடத் திருவிழாவில் பிள்ளைகள் வைக்கும் இறகுத் தொப்பியும் கூர்க் கூடாரமும்தான் என் தலைக்குள்ளும் இருந்தன. தெரியாது என்று சொல்ல வெட்கம். "திருத்தக் குடுத்திருக்கு, அடுத்த கிழமை வரும்" என்றேன்.

அடுத்த கிழமை மனிசியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பொறுப்பாளர் வெரேனா என்னைத் தனியே கூப்பிட்டு, எனக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். செரோக்கிகள் மரமும் களிமண்ணும் கொண்டு வீடு கட்டி, ஊராக வாழ்ந்தவர்கள் என்று பெரிய எழுத்தில் இருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். வெரேனா குரலை உயர்த்தவில்லை. "கூடாரத்தை அடிச்சது நீ. அவரிட்டச் சொல்லிக் கழட்டுறதும் நீதான்."

உண்மையான ஆள்

இன்னொரு சனிக்கிழமை ஆசிரியையோடு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். மண்டபத்தில் நீளக் கறுப்புத் தலைமயிரோடு நின்றது நான் ஒருத்திதான். ஒரு சிறுமி என் முன்னால் வந்து நின்றாள்.

"எப்ப இங்க வந்தனீங்கள்?"

"லாங்கன்தால் ஆஸ்பத்திரியில பிறந்தனான்."

"உங்கட அம்மா அப்பா?"

"யாழ்ப்பாணம்."

"அது செரோக்கி ஊரோ?"

இல்லை, இலங்கை என்றேன். அவள் திரும்பி ஆசிரியையிடம் முறையிட்டாள்: "இவ உண்மையான ஆள் இல்லையாம்."

எழுத்துப் பிழை

கடைசிக் கிழமை ஓக்லஹோமாவிலிருந்து கூடை பின்னிக்காட்ட லோரா வந்தார். நான் சந்தித்த முதல் செரோக்கி அவர்தான். ஓய்வு நேரத்தில் தங்கள் எழுத்துகளை எழுதிக் காட்டினார். பார்க்க ஆங்கில D மாதிரி இருந்ததை "அ" என்று வாசித்தார். ஒரு ஒலிக்கூட்டத்துக்கு ஒரு எழுத்து. எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாத ஒரு மனிதர் தனியே இருந்து உருவாக்கியதாம். "எங்களுக்கும் க, கா, கி எண்டு இருக்கு" என்றேன். தமிழ் வகுப்பைச் சின்னனில் வயிற்றுவலி சொல்லித் தப்பியதையும் பெருமையாகச் சொன்னேன்.

லோரா சிரிக்கவில்லை. "எங்கட மொழி கதைச்சதுக்கு என்ர அம்மாவைப் பள்ளிக்கூடத்தில அடிச்சவை. அவ எனக்குச் சொல்லித்தரவே பயந்தா. நான் நாற்பது வயசிலதான் படிக்கத் தொடங்கினன்" என்றார். என் பெயரை ஒரு தாளில் தமிழில் எழுதச் சொன்னார். எழுதினேன். கீழே தன் எழுத்திலும் எழுதி, எல்லோரும் பார்க்க மேசைக்கு மேலே ஒட்டினார்.

பின்னேரம் அம்மா வந்தார். ஆங்கிலம் தெரியாது. லோராவின் கூடையைத் தடவிப் பார்த்து, கைகளாலேயே அரை மணித்தியாலம் கதைத்தார். நான் "தொடாதீங்கோ" என்று சொல்லவில்லை. பிறகு நிமிர்ந்து அந்தத் தாளை வாசித்தார். "அந்த மனிசி உன்ர பேரைச் சரியா எழுதியிருப்பா. நீதான் யாழினிக்கு இந்த ளகரம் போட்டிருக்கிறாய்."

இன்னொருவரின் பாரம்பரியத்தைக் காக்க என்னை வேலைக்கு எடுத்தார்கள். நான் திரும்பி வந்தது ஒரு ழகரத்தோடு.