மெதோர் தூக்கிய கல்

முதலியார்பேட்டைப் பாவாடை என்று கூப்பிட்டால் அந்தக் காலத்தில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பேரில் நாலு பேர் இருந்தார்கள். இது நாய்க்காரப் பாவாடை. அப்பா வழி அரியாங்குப்பம், அம்மா வழி பாகூர். கட்டின பெண்சாதி செல்வாம்பாள் வில்லியனூர்க்காரி. அவளுக்குக் கூடப் பிறந்தது தணிகாசலம் ஒருத்தர்தான். தங்கச்சியைக் கொடுத்த கையோடு அவரும் முதலியார்பேட்டைக்கே வந்து நாலு வீடு தள்ளிக் குடியேறிவிட்டார். பாவாடைக்கும் செல்வாம்பாளுக்கும் பிள்ளை தங்கவில்லை. வீட்டில் இருந்தது ஒரு நாய்.

அதுவும் அவர்கள் வாங்கின நாய் இல்லை. பிரெஞ்சுக்கார முசே ஒருவர் பங்களாவில் பாவாடை பதினோரு வருஷம் நாய் பார்த்தார். ஐம்பத்து நாலு ஐப்பசியில் கொடி மாறிப்போச்சு, முசே கப்பலேறினார், நாய் ஏறவில்லை. மெதோர் என்று அதுக்குப் பேர். பானை மாதிரித் தலை, தொங்குகிற கன்னம், நசுங்கின மூக்கு. மூச்சு விட்டால் துருத்தி ஊதுகிற மாதிரி இருக்கும். தமிழ் ஒரு சொல் புரியாது. "அசி" என்றால் உட்காரும், "குஷே" என்றால் படுக்கும், "வியாங்" என்றால் வரும். பாவாடைக்குத் தெரிந்த பிரெஞ்சும் அவ்வளவுதான்.

"அந்தப் பிரெஞ்சை மேரி ஆபீசுல போயி எவன்கிட்டயாவது பேசிடாதே, செருப்படி விழும்" என்பார் ஷஹாபுதீன். அவருக்கு நெல்லித்தோப்பில் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிற பட்டறை. முசே போன பிறகு பாவாடை அங்கேதான் சம்மட்டி அடித்தார்.

பங்களாத் தோட்டத்தில் ஓடின நாய் முதலியார்பேட்டை வீட்டுக் கொல்லையில் அடங்குமா? முதலில் மூங்கிலில் கூண்டு கட்டினார். இரண்டு நாளில் கடித்துத் துப்பிவிட்டது. அப்புறம் சவுக்குக் கம்பம் நட்டார். அடியில் பள்ளம் பறித்து வெளியே போய், தெருக்கோடி ஆயம்மா வீட்டு ஆட்டைக் கழுத்தோடு கவ்விவிட்டது. அவள் செத்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டாள். தெருப் பெரியவர்கள் கூடி, "இன்னொரு வாட்டி இது தெருவுல நின்னா மருந்து வச்சுடுவோம், பாவாடை. அப்புறம் எங்களைக் கேக்காதே" என்றார்கள்.

அன்றைக்குத்தான் பாவாடைக்குப் பயம் வந்தது. ஷஹாபுதீனிடம் பழைய சக்கரப் பட்டைகளைக் கேட்டு வாங்கி, நிமிர்த்தி, கம்பியாக அடித்தார். தரையில் ஒரு முழம் தோண்டிக் கருங்கல் பாவினார், இனிமேல் பறிக்க முடியாது. மேலே கம்பிகளை உள்பக்கமாக வளைத்தார், தாவ முடியாது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவு. ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக்கூடாது. மூன்று பக்கம் கம்பி, நாலாவது பக்கம் வீட்டின் பின்சுவர். அந்தச் சுவருக்கு உள்ளே செல்வாம்பாள் படுக்கிற சின்ன அறை. சுவரோரம் நாய்க்கு ஒரு மரப்பெட்டி வீடு.

ஷஹாபுதீன் தாழ்ப்பாளுக்கு ஆணி இறக்கின அன்றைக்கும் கூண்டுக்கு வெளியேதான் நின்றார். "அதோட எச்சி பட்டா நான் திரும்பக் கழுவிட்டுத்தான் தொழணும். நீ பிடி, நான் சொல்றேன்."

"பாய், அது உங்களைப் பாத்து வாலாட்டுது."

"ஆட்டட்டும். நான் திரும்ப ஆட்டணுமா?"

கூண்டு மட்டும் போதாது, பலசாலி நாய்க்கு உடம்பு அலுக்கணும் என்று பாவாடைக்குத் தெரியும். செக்குமாடு மாதிரி சுற்றி வர, பழைய வண்டிச் சக்கரத்தின் நடுக்குடத்தை நட்டு அதில் ஒரு பனஞ்சட்டம் மாட்டினார். மெதோர் தோல் பட்டை கட்டிக்கொண்டு, பின்னால் ஒரு அம்மிக்கல்லை இழுத்துக்கொண்டு சுற்றும். பூவரசங்கிளையில் லாரி டயர்த் துண்டைக் கயிற்றில் தொங்கவிட்டார். அதைக் கவ்வி, நாலு காலும் தரையில் படாமல் தொங்கும். மூன்றாவதுதான் கல். மூன்று செங்கல்லைக் கோணியில் சுற்றி, கயிற்றில் கைப்பிடி விட்டுக் கட்டின பொட்டலம் பன்னிரண்டு. கொல்லையில் எங்கே கிடந்தாலும் அந்தக் கயிற்றைக் கவ்வித் தூக்கி வந்து, கூண்டின் வடக்கு மூலையில் வரிசையாக வைக்கணும். ஒரு மாசத்தில் பழகிவிட்டது. பொட்டலம் எங்கேயாவது கிடந்தால் அதுக்குப் பொறுக்காது, மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் படுக்கும்.

செல்வாம்பாளுக்கு இழுப்பு நோய். பனிக்காலம் வந்தால் மூச்சு விசிலடிக்கும். அறையில் சுவரோடு ஒட்டிப் படுத்திருப்பாள். அந்தப் பக்கம் மெதோர் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு படுக்கும். கேழ்வரகுக் களியில் எலும்பு போட்டுக் கொடுப்பது அவள்தான். அவளுக்கு "குஷே" வாயில் வராது. "படுடா எங்கப்பா" என்பாள். ஆச்சரியம், அது படுத்துக்கொள்ளும்.

ஐம்பத்தேழு கார்த்திகையில் அவள் போய்விட்டாள். போன நாள் அவிட்டம். அவிட்டத்தில் போனால் ஆறு மாசம் அடைப்பு என்பது தெரிந்ததுதானே. போன உயிர் திரும்பி வழி கண்டுபிடித்து வந்துவிடக்கூடாது என்று, உடம்பை வாசல் வழியாக எடுக்கமாட்டார்கள். சுவரை இடித்து எடுத்து, உடனே அடைத்துவிடுவார்கள். அறையைப் பூட்டி ஆறு மாசம் விளக்கேற்றி வைப்பார்கள். அந்த அறைக்கு வெளிச்சுவர் ஒன்றுதான், அது கூண்டுப் பக்கத்துச் சுவர். நாயைப் பூவரசில் கட்டிவிட்டு, கூண்டின் முன்பக்கக் கம்பியைக் கழற்றி, இடுப்பு உயரத்துக்குச் சுவரை இடித்து, செல்வாம்பாளை நாய்க்கூண்டு வழியாகத்தான் எடுத்துப்போனார்கள்.

பாவாடை கொள்ளிச்சட்டியோடு முன்னால் போய்விட்டார். பின்னால் இருந்து சுவரை அடைத்தது தணிகாசலம். அடைத்த இடத்தின் மேல் கூண்டுப் பக்கம் ஒரு கீற்றுத் தட்டியைத் தொங்கவிட்டு, கழற்றின கம்பியை மாட்டி, நாயைத் திரும்பக் கூண்டில் விட்டார். ஆறு மாசம் அந்தத் தட்டியை யாரும் தூக்கக்கூடாது, அந்தப் பக்கம் உற்றுப் பார்க்கவும் கூடாது.

சாயங்காலமானால் தணிகாசலத்தின் பெண்சாதி குஞ்சம்மாள் வந்து, அறைக்கதவை ஒரு சாண் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை மட்டும் உள்ளே விட்டு, அகல் விளக்கையும் வாய் அகன்ற மண்சட்டியில் தண்ணீரையும் வைப்பாள். பத்து நாள் போயிருக்கும். ஒரு சாயங்காலம் சட்டியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, நேத்து ரொம்ப ஊத்தி வச்சேன். சட்டி காஞ்சு கெடக்குது."

"உறிஞ்சியிருக்கும், புதுச் சட்டி" என்றார் பாவாடை.

மறுநாளும் காய்ந்து கிடந்தது. அதுக்கு மறுநாளும். பழைய சட்டியை மாற்றி வைத்தாள், அதுவும் காய்ந்தது.

அப்புறம் சத்தம் வந்தது. மத்தியானம், தெரு உறங்குகிற நேரம். கூடத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த குஞ்சம்மாள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். பூட்டின அறைக்குள்ளே யாரோ மூச்சு இழுத்தார்கள். உள்ளே இழுக்கும்போது விசில், வெளியே விடும்போது கரகரப்பு. செல்வாம்பாளின் இழுப்பேதான்.

பாவாடை கொல்லைக்கு ஓடிக் கூண்டைப் பார்த்தார். இரண்டு கதவும் பூட்டினபடி. பொட்டலங்கள் மூலையில் வரிசையாக. "மெதோர்!" என்றார். மரப்பெட்டிப் பக்கமிருந்து நாய் சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது. அதன் மூச்சை அந்த ஊரில் அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவர்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். மனசு வேறு பக்கம் போய்விட்டது. மறுநாளிலிருந்து மத்தியானத்தில் பட்டறைக்குப் போகாமல் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார ஆரம்பித்தார். உள்ளே மூச்சு ஏறி இறங்கும். சில நாள் பாய் சரசரக்கும். பாவாடை மெல்ல, "ரொம்ப முடியலையா?" என்பார். மூச்சு நின்று, கொஞ்சம் பொறுத்து மறுபடி வரும். கேட்டுக்கொள்கிற மாதிரியே இருக்கும்.

தெருவில் பேச்சுப் பரவி, ஆட்கள் அந்த வீட்டை ஒதுங்கி நடந்தார்கள். தணிகாசலம் ஒருநாள் வந்து நின்றார்.

"மச்சான், என் தங்கச்சி போகலை. நாய்தான் பிடிச்சு வச்சிருக்குது. அது அந்தச் சுவத்தைப் பாத்துக்கிட்டே படுத்திருக்குது, பாத்தீங்களா? அதுங்க கண்ணுக்குத் தெரியும். அது இருக்கிற வரைக்கும் இவ நகரமாட்டா."

"அது வாயில்லாத சீவன், மச்சான்."

"அவளும் வாயில்லாமத்தான் உள்ள கெடக்கிறா. மூச்சுக்குத் தவிக்கிறதை நீங்க கதவுல சாஞ்சு கேட்டுக்கிட்டிருக்கீங்க. அவளுக்கு விடுதலை வேணாமா?"

அவள் தவிக்கிறாள் என்று அதுவரை பாவாடைக்குத் தோன்றினதே இல்லை. துணைக்கு இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார். மறுநாள் காலையில் தணிகாசலம் வீட்டுக்குப் போய், "அறை திறக்கிற அன்னைக்கு நாயை முடிச்சிடலாம். என்னால முடியாது, நீங்க செய்யுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஷஹாபுதீன் கேட்டுவிட்டுச் சம்மட்டியைக் கீழே வைத்தார். "அந்தக் கம்பியெல்லாம் எதுக்கு அடிச்சோம் பாவாடை? அது சாகக்கூடாதுன்னுதானே?"

"ஆமாம் பாய்."

"சரி. உன் வீட்டு விஷயம்." சம்மட்டியை மறுபடி எடுத்து அடிக்க ஆரம்பித்தார்.

வைகாசி வந்தது. கடைசி மத்தியானம் பாவாடை மெதோரைச் செக்குக்கட்டையில் கட்டவில்லை, டயரில் விடவில்லை. தன் கையால் களி கிண்டிப் போட்டார். மறுநாள் காலை ஐயர் வந்தார். தணிகாசலம், அறை திறந்ததும் நாய்க்குப் போட, எட்டிக்கொட்டை விஷம் அரைத்துப் பிசைந்த கறியை வாழையிலையில் மடித்து, கூண்டுக் கம்பியின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஐயர் மந்திரம் சொல்லி மாவிலையால் தண்ணீர் தெளித்து, "திறங்கோ" என்றார்.

கதவு முனகிக்கொண்டு திறந்தது. ஆறு மாசத்து இருட்டு. அந்த இருட்டுக்குள்ளே அந்த மூச்சு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். பாயின் மேல் செல்வாம்பாளின் பழைய புடவைக் குவியல் ஏறி இறங்கினது. இரண்டு கண் திறந்து பச்சையாக மின்னின.

குஞ்சம்மாள் வீறிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டாள். ஐயர் தாம்பாளத்தைப் போட்டார். பாவாடை மட்டும் நிலைப்படியைத் தாண்டினார்.

"செல்வா" என்றார்.

புடவை எழுந்தது. உதறிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, மெதோர் வந்து அவர் முழங்காலில் தலையை இடித்தது.

அப்புறம்தான் தணிகாசலம் கண்ணுக்குச் சுவரின் இடப்பக்கம் தெரிந்தது. ஒரு முழ அகலத்தில் ஓட்டை, அதுக்கு அப்பால் கீற்றுத் தட்டி, தட்டியின் ஈர்க்கு இடுக்கில் வெயில். அவர் கொல்லைக்குப் போனார். ஆறு மாசத்தில் முதல் தடவையாகக் கூண்டுக்குள் நுழைந்து, மூலையில் இருந்த கோணிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"பழங்கல்லு இடிக்கும்போதே நொறுங்கிப்போச்சு, மச்சான். முக்காவாசி அடைச்சதுக்கு மேல பத்தலை. கண்ணுக்கு எதிர்ல கட்டி வச்ச கல்லு இருந்துது. அவசரத்துக்கு அதைச் சொருகிட்டுத் தட்டியைப் போட்டுட்டேன். உங்ககிட்டச் சொல்லலை. கயிறுகூட வெளிய தெரிஞ்சுது."

கயிறு தெரிந்தால் மெதோர் சும்மா இருக்குமா? அது கற்றுக்கொண்டதைத்தான் செய்தது. காரியம் முடிகிற வரை பாவாடை கொல்லைப் பக்கம் போகாத அந்தப் பத்து நாளில் பன்னிரண்டையும் உருவி, மூலையில் வரிசையாக வைத்துவிட்டு, தட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு அவள் பாயில் போய்ப் படுத்தது. அதுக்கப்புறம் பொட்டலங்களைப் பாவாடை தினம் பார்த்தார். அவை எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தன. துக்கம் தீரட்டும் என்று கல் தூக்கும் பழக்கத்தை அவர் நிறுத்தியிருந்தார். தட்டியைத் தூக்கிப் பார்க்க முறை இல்லை.

தணிகாசலம் வாழையிலையை எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் மேட்டில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார். வந்து கையைக் கழுவினார், இரண்டு தரம். "நாய் இருக்கட்டும்" என்றார். "சுவத்தை நாளைக்கே சுண்ணாம்பு வச்சு அடைச்சிடுவோம்."

"வேணாம்" என்றார் பாவாடை.

"வேணாமா? அது அவ போன வழி, மச்சான். தொறந்து வைக்கிற வழியா அது?"

"இது போயி வந்துக்கிட்டிருக்குது. ஒண்ணும் ஆகலையே."

யார் சொல்லியும் கேட்கவில்லை. ஷஹாபுதீன் பட்டையில் சட்டம் அடித்துக் கொடுத்தார். பாவாடை அந்த ஓட்டையில் நாய் உயரத்துக்கு ஒரு மரக்கதவு மாட்டினார், இரண்டு பக்கமும் தள்ளினால் திறக்கிற மாதிரி. செத்தவர்களை எடுத்த வழிக்குக் கதவு வைத்த வீடு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். ஐயர் அதுக்கப்புறம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. குஞ்சம்மாள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவாள். மெதோர் அதுக்கப்புறம் தெருவில் கால் வைக்கவில்லை. காலையில் கட்டையைச் சுற்றும், டயரில் தொங்கும், கல் தூக்கும். மத்தியானம் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்.

அறுபத்தொன்று மாசியில் அதே பாயில் மெதோர் செத்தது. பாவாடை அதை அந்தக் கதவு வழியாகவே எடுத்துப் பூவரசடியில் புதைத்தார். கூண்டைப் பிரிக்கவில்லை. மறு வருஷம் ஆவணியில் ஊர் முழுக்க சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள் என்று வெடி போட்டார்கள். அதைச் சொல்லிக் கூப்பிட ஷஹாபுதீன் வந்தபோது, பாவாடை அந்த அறை வாசலில் குந்தியிருந்தார். வாய் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னுமா வைக்கிறே?"

"வைக்கிறேன் பாய்."

"கொறையுதா?"

பாவாடை முகத்தைத் திருப்பிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டு அவரோடு கொல்லைப் பக்கம் வந்தார். "நான் பாக்கிறதில்லை. தினம் கண்ணை மூடிக்கிட்டுத்தான் கவுத்துட்டு வேற ஊத்துவேன்."

கூண்டுச் சுவரில் இருந்த அந்த மரக்கதவு காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில் மெல்ல ஒருதரம் ஆடி நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஷஹாபுதீன், "கீல் தளர்ந்திருக்கும். நாளைக்கு வந்து முடுக்கித் தரேன்" என்றார்.

"முடுக்க வேணாம் பாய்" என்றார் பாவாடை.