மொட்டைத் தலையோடு ஏழாம் வகுப்பு

சிகாகோவில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனால் தலைமை ஆசிரியர் சுற்றிக் காட்டுவதில்லை. அங்கே படிக்கிற பிள்ளைகள்தான் காட்டுகிறார்கள். போன வசந்தத்தில் என்னையும் என் கணவரையும் கூட்டிக்கொண்டு போனவர்கள் தலையில் முக்காடு போட்ட ஒரு சோமாலியப் பெண்ணும், முடிக்கு நீலச் சாயம் பூசிய ஒரு பையனும். "இது நூலகம். இந்தக் குழாயில் தண்ணீர் வராது. இரண்டாம் மாடிக் கழிவறைப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்" என்று அவர்கள் சொல்லச் சொல்ல, தலைமை ஆசிரியை பின்னால் சிரித்துக்கொண்டே வந்தார். அடேயப்பா! நான் படித்த திருத்தணிப் பள்ளியில் தலைமை ஆசிரியரின் அறைக்கு முன்னால் என் நைனாவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். இங்கே பிள்ளைகள் பள்ளியின் குறைகளை வந்தவர்களிடம் ஒப்பிக்கிறார்கள், யாரும் அதட்டவில்லை. எனக்கு அந்த நிமிடமே பள்ளி பிடித்துப்போயிற்று. என் கணவருக்குத்தான் பிடிக்கவில்லை.

அவர் திருத்தணிக்குப் பக்கத்திலிருக்கும் பள்ளிப்பட்டுக்காரர், எனக்கு அத்தை மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் எனக்கு அவர் பாவாதான். எங்கள் ஒரே மகள் வள்ளி ஏழாம் வகுப்புக்குப் போகவேண்டிய நேரம். நாங்கள் பார்த்தது ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே கட்டடத்தில் நடக்கும் நகரத்து அரசுப் பள்ளி. பாவா போனில் அதன் தரவரிசையைக் காட்டிக் காட்டி அலுத்துக்கொண்டார். "நம்மாளுங்க பூரா புறநகருக்குப் போயிட்டாங்க. நாம மட்டும் என்னாத்துக்கு இங்க குந்திகினு கீறோம்?" என்றார். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கிறிஸ்துமஸ் வரைக்கும் வள்ளி இங்கே படிப்பாள். சரிப்படவில்லை என்றால் புறநகரில் வீடு வாங்கி அங்கே மாற்றிவிடுவது. "நல்ல ஸ்கூலை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று ஊரிலிருந்தும் இங்கே புதிதாக வந்து இறங்கியும் என்னைக் கேட்பவர்களுக்காகத்தான் அந்த நான்கு மாதக் கதையை எழுதுகிறேன்.

அந்தப் பள்ளியின் சுவரெல்லாம் 'டைவர்சிட்டி' என்ற சொல் எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. திருத்தணியில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நெசவுக்காரர்களின் பிள்ளைகள் பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்த ஒரு பீகார்க்காரரின் மகள் என் பெஞ்சில் உட்கார்ந்து என் எலுமிச்சைச் சோற்றைப் பிடுங்கித் தின்றாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால் வகுப்பில் கால்வாசிப் பேர் மொட்டை. தெலுங்குப் பிள்ளைகள் குண்டு என்பார்கள், நாங்கள் மொட்டை என்போம். போகிற போக்கில் ஒரு தட்டு தட்டுவோம், அவ்வளவுதான். மலைக்குப் போனவர்களுக்கு முடி போயிருக்கும், இதில் கேட்க என்ன இருக்கிறது?

வள்ளிக்கும் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. அவள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிழைத்துவிட்டால் உன் மலைக்கு வந்து முடி இறக்குகிறேன் என்று தணிகை முருகனிடம் அழுதிருந்தேன். விசா, வேலை, கொரோனா என்று தள்ளித் தள்ளிப் போய், போன ஆடியில்தான் ஊருக்குப் போக முடிந்தது. திருத்தணியிலேயே இருக்கும் என் அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "வயசுக்கு வர்ற பொண்ணுக்கு யாராவது மொட்டை போடுவாங்களாடி? பூமுடி குடுத்துட்டு வந்துகினே இரு." நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுத்தால் போதும், சாமி ஏற்றுக்கொள்வார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முடி இறக்கும் மண்டபத்தில் வள்ளி சுற்றுமுற்றும் பார்த்தாள். கைக்குழந்தை, காலேஜ் பெண், கிழவர், போலீஸ்காரர் எல்லோரும் தலையில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். "மா, எல்லாரும் ஃபுல்லா எடுத்துகினு கீறாங்க. எனக்கு மட்டும் ஏன் கொஞ்சம்?" என்றாள். சிகாகோவில் வளர்ந்தவள், ஆனால் தமிழ் என்னிடம் கற்றது, அதனால் அது அச்சு அசல் திருத்தணித் தமிழ். நான் பள்ளி திறக்கப்போவதைச் சொன்னேன், புது இடம் என்றேன். "எனக்காகத்தானே வேண்டிக்கினே? அப்போ நான்தானே சொல்லணும்?" என்று நாவிதருக்கு முன்னால் போய்த் தலையைக் குனிந்துவிட்டாள். இடுப்புவரை தொங்கிய முடி. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வள்ளியோ சந்தனம் பூசிய தலையைத் தடவித் தடவிச் சிரித்துக்கொண்டே மலைப்படி இறங்கினாள்.

விமானத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. தெரியாத ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவில், பன்னிரண்டு வயதுப் பெண் மொட்டைத் தலையோடு போய் நிற்கப்போகிறாள். ஒரு தொப்பி வாங்கிவிட்டேன். பள்ளிக்குள் தொப்பி கூடாது என்று விதி இருந்ததால், அனுமதி கேட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மாள் காரணம் கேட்டார். நான் ஆதியோடந்தமாகச் சொன்னேன். ஆஸ்பத்திரி, கண்ணாடிப் பெட்டி, பிழைப்பாளா என்ற பயம், பிரார்த்தனை, இப்போது முடி இல்லை. அவர் தழுதழுத்த குரலில், "உங்கள் மகளுக்காக நாங்களும் பிரார்த்திக்கிறோம்" என்றார். எவ்வளவு பக்தி என்று நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லி வைத்தேன். நான் ஒரு மடச்சி! முடி இல்லாத குழந்தை என்றால் இந்த ஊரில் புற்றுநோய்தான் நினைவுக்கு வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

முதல் வாரம் முடிவதற்குள் வள்ளி ஒரு பை நிறைய வாழ்த்து அட்டைகளோடு வந்தாள். 'சீக்கிரம் குணமாகு', 'நீ போராளி' என்றெல்லாம் எழுதியிருந்தது. விளையாட்டு வகுப்பில் அவளை ஓட விடவில்லையாம். ஒரு பையன் அவளுக்குத் துணையாகத் தானும் தலையை மழித்துக்கொண்டு வந்துவிட்டானாம். "எனக்கு என்னாமா ஆச்சு? என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டு அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். பாவா போனை எடுத்து வீட்டுத் தரகருக்குச் செய்தி அனுப்பினார்.

மறுநாள் பள்ளி ஆலோசகரைப் போய்ப் பார்த்தோம். விஷயம் புரிந்ததும் அந்த அம்மாள் முதலில் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார். "வகுப்பில் நானே விளக்கிவிடட்டுமா?" என்று எங்களைக் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் வள்ளியின் பக்கம் திரும்பினார். "இது உன் தலை. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா, யாரும் எதுவும் சொல்ல வேண்டாமா?" என்றார். வள்ளி என்னையும் பார்க்கவில்லை, அவள் நைனாவையும் பார்க்கவில்லை. தானே சொல்வதாகச் சொல்லிவிட்டாள்.

சொன்னாள். சாமிக்கு முடியா என்று கேள்விமேல் கேள்வி வந்ததாம். ஒரு சீக்கியப் பையன் எழுந்து, எங்கள் வீட்டில் பிறந்ததிலிருந்து முடியை வெட்டவே மாட்டோம் என்றானாம். பின்னல் போட்ட ஒரு கறுப்பினப் பெண், கேட்காமல் என் முடியைத் தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும், உன் தலையையும் யாராவது தொட்டால் என்னிடம் சொல் என்றாளாம். முக்காடு போட்ட பெண்கள் தங்கள் முடியைப் பற்றிச் சொன்னார்களாம். மழித்துக்கொண்டு வந்த பையனுக்குத்தான் பாவம், எதற்கு மழித்தோம் என்றே தெரியாமல் போய்விட்டது. "என் சாமிக்குன்னு வெச்சுக்கோன்னு சொல்லிட்டேன்மா" என்றாள் வள்ளி.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஒருவன் அவளை ஒரு மாதம் முழுக்க பல்பு என்றே கூப்பிட்டான். கணக்கு ஆசிரியர் பாதியில் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்தக் குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. பாவா இதையெல்லாம் மனத்துக்குள் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீடு பார்க்கப் போக வேண்டிய காலையில், இட்லி சாப்பிடும்போது பேச்சை எடுத்தார்.

"புது வீட்டுல உனக்குத் தனி ரூமு வள்ளி. ஸ்கூலும் நல்ல ஸ்கூலு. கணக்கு வாத்தியார் கீறாரு."

"எங்க ஸ்கூல்ல பக்கத்து கிளாஸ்ல குந்திகினு கணக்கு படிக்கிறோம் நைனா. அதுக்குப் போய் யாராவது ஸ்கூல விடுவாங்களா?" என்றவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அங்க எல்லாருக்கும் எங்க ஊரப் பத்தித் தெரியும். புது ஸ்கூல்ல போய் மறுபடி மொதல்லருந்து சொல்லணுமா?"

"எந்த ஊரு?" என்றார் பாவா.

"திருத்தணிதான்" என்றாள், இதுகூடவா தெரியாது என்பதுபோல.

பாவா கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் வரவில்லை என்று தரகருக்குச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில் அக்கா வீடியோவில் வந்தாள். "உங்க ஊர்ல பனி கொட்டுதாமே?" என்றாள். அவளுக்கு சிகாகோதான் என் ஊர். இங்கே பள்ளி அலுவலகத்து அம்மாளோ, உங்கள் ஊரில் பொங்கல் எப்போது என்று கேட்கிறார். இருபது வருடமாக இரண்டு பக்கமும் எனக்கு 'உங்க ஊர்'தான். போனை மகளிடம் நீட்டிவிட்டேன். விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த முடியைக் கோதிக்கொண்டே அவள் ஜன்னலுக்குப் போய் வெளியே தெரிந்த வெள்ளையைக் காட்டினாள்.

"ஆங் பெரிம்மா, எங்க ஊர்ல செம பனி. நம்ம ஊர்ல வெயிலா?"