சட்டைப்பையில் பச்சைமிளகாய்

பூட்டினாள், அது மெய்தான். முப்பிடாதி தன் புருஷனை வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டுப் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முத்தையாபுரத்தில் அந்தத் தெருவே பார்த்தது. ஆனால் குடிகாரனைப் பூட்டிவைத்திருக்கிறாள் என்று குழாயடியில் பேசியவர்கள் வாயைக் கழுவிக்கொள்ள வேண்டியதுதான். ஆறுமுகநயினார் ஒரு சொட்டுக் குடித்தவனில்லை. அதை முப்பிடாதியைவிட நன்றாகச் சோதித்தவர் யாருமில்லை.

பத்தொன்பது வருஷமாகத் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். கப்பல் வந்துவிட்டால் கிரேன் நிற்காது. கிரேன் நிற்காதவரை கண்டெய்னர் ஏற்றும் வண்டியும் நிற்கக் கூடாது. போன ஆவணியில், மாற்று ஷிப்ட் ஓட்டிய டிரைவர் வேலையை விட்டு நின்றுவிட, அவன் ஷிப்டையும் நயினார் தலையிலேயே கட்டினார் முதலாளி. பகல் முடிந்தால் ராத்திரி, ராத்திரி முடிந்தால் பகல். இடையில் இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று, அவ்வளவுதான் படுக்கை.

அப்போதுதான் ஆள் மாறினான். கண் செவ்வரளியாகச் சிவந்தது. சாப்பிட உட்கார்ந்தால் ரசம் வரும் முன்பே தலை தொங்கியது. பெற்ற மகள் சண்முகப்ரியாவைத் தன் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டான். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். ஒருநாள் பைக்கைக் கொண்டுபோய்த் தெருமுனை மின்கம்பத்தில் சாத்தினான். பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அதை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏளா முப்பிடாதி, போஸ்டு மரம் என்ன ரோட்டுக்கு நடுவுலயா வந்து நின்னுச்சு? அண்ணாச்சியக் கொஞ்சம் மோந்து பாரு."

முப்பிடாதி மோந்து பார்த்தாள். ஒருநாள் இல்லை, தினமும். வாசலிலேயே நிறுத்தி வாயருகே மூக்கை வைத்தாள். சாராய வாடை இல்லை. கோடாலித் தைலமும் பச்சைமிளகாயும்தான் அடித்தது. துவைக்கப் போட்ட காக்கிச் சட்டையின் பையில் மிளகாய்க் காம்புகள் கிடந்தன.

வாடை இல்லாததில் அவள் சந்தேகம் இன்னும் தடித்தது. தம்பி சுடலைக்கண்ணன் வேறு எண்ணெய் ஊற்றினான்.

"அக்கா, வாடைய மறைக்கத்தான் மொளகா. தைலமும் அதுக்குத்தான். அத்தான் படிச்ச ஆளுல்லா."

"எட்டாங்கிளாசுதானல படிச்சிருக்காக."

"இந்தப் படிப்புக்கு இஸ்கூலே கெடையாதுக்கா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நயினாரைச் சுடலைமாடன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தக் குடும்பத்து வழக்கெல்லாம் அங்கேதான் தீரும். பீடத்துக்கு முன் கற்பூரம் கொளுத்துவார்கள். பொய் சொல்லாதவன் அதை உள்ளங்கையால் அடித்து அணைப்பான். நயினார் மறுபேச்சில்லாமல், ராத்திரி ஷிப்ட் முடித்த சட்டையோடேயே வந்து மணலில் உட்கார்ந்தான்.

தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. சுடலைக்கண்ணன் ஐந்தாறு குச்சிகளை உரசி, ஒருவழியாகக் கற்பூரத்தைப் பற்றவைத்துத் திரும்பினால், நயினார் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். கற்பூரம் எரிந்து தானே அணைந்தது.

"பாத்தியாக்கா, சாமி முன்னாலயே போதை."

முப்பிடாதி அவன் தோளை உலுக்கினாள். கண் திறக்கும் முன்பே அவனுடைய வலதுகால் மணலை ஓங்கி மிதித்தது. இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு கையும் பிடித்து ஒடித்தன. "ஏலே, வெலகு, வெலகு" என்று அடித்தொண்டையில் கத்தினான். அப்புறம்தான் பீடத்தையும் அவளையும் பார்த்தான். முகமெல்லாம் வேர்வை.

அவன் குடித்திருந்தால்கூட முப்பிடாதி இப்படிப் பயந்திருக்க மாட்டாள்.

"வண்டியிலயும் இப்படித்தான் கண்ணு அசருதா?"

அவன் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இன்னைக்கு ஹார்பர் கேட்டுல வண்டிய நிப்பாட்டுனது தெரியுது. அதுக்கு முன்னால பாலம் ஏறுனேனா, ரோட்டுல யாரு குறுக்க வந்தா, ஒண்ணும் தெரியலளா. மொளகாயக் கடிச்சா முழிப்பு வரும். இப்ப அதுவும் உறைக்க மாட்டேங்கு."

அந்த ரோட்டில்தான் சண்முகப்ரியா சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள்.

தர்மாஸ்பத்திரி டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார். கூடியிருந்தது. மாத்திரை தந்தார், அதைவிட முக்கியம் தூக்கம், தினமும் ஏழெட்டு மணி நேரம், இடையில் எழுப்பாத தூக்கம் என்றார். தூக்கத்துக்கெல்லாம் ஒரு டாக்டரா என்று முப்பிடாதி அவரையும் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் ஒரு வாரம் லீவு சொல்லவைத்துப் பூட்டு வாங்கினாள். முதலாளியின் ஆள் வந்து கூப்பிட்டால் இவன் எழுந்து ஓடிவிடுவான் என்ற சந்தேகம் அவளுக்கு. ஜன்னலில் போர்வையைக் கட்டினாள். அவனுடைய பட்டன் செல்போனை அரிசிப் பானைக்குள் போட்டாள். மீன்காரரைத் தெருமுனையிலேயே மறித்து ஹாரன் அடிக்காமல் திருப்பினாள்.

முதல் நாள் பதினான்கு மணி நேரம் தூங்கினான். மூச்சு வருகிறதா என்று ஜன்னல் போர்வையை விலக்கி இரண்டு தடவை பார்த்தாள். நாலாம் நாள் மகளைச் சரியான பேர் சொல்லிக் கூப்பிட்டான். ஆறாம் நாள் ரசத்தில் உப்பில்லை என்றான். அவளுக்கு அன்றைக்குத்தான் பாதி உயிர் வந்தது.

எட்டாம் நாள் காலை அரிசிப் பானைக்குள் போன் அடித்தது. கப்பல் வந்திருக்கிறது, இந்த ஒரு தடவை மட்டும் ரெண்டு ஷிப்டும் பார்த்துக்கொடு என்றார் முதலாளி. "நேர்ல வாரேன்" என்றான் நயினார். குளித்துக் காக்கிச் சட்டை போட்டு டிரெய்லர் சாவியை எடுத்தான்.

முப்பிடாதி நிலைப்படியை மறித்து நின்றாள். "எங்க?"

"ஒரு ஷிப்டுன்னா நாளையில இருந்து ஓட்டுதேன். ரெண்டுன்னா சாவியக் குடுத்துட்டு வாரேன்."

"அவரு தோள்ல கையப் போட்டு ரெண்டு வார்த்த பேசுனா ஏறி உக்காந்துருவீக."

சொல்லிக்கொண்டே அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டாள். இரண்டு பச்சைமிளகாய் வந்தது. அடுத்த வாசலில் செல்லத்தாய் கழுத்தை நீட்டினாள்.

"இது என்னத்துக்கு?"

அவனும் திகைத்துத்தான் பார்த்தான். "கை தன்னால எடுத்திருக்குளா."

மிளகாயை அவள் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டான். "மத்தியானத்துக்குத் தொவையல் அரச்சு வையி. வந்து சாப்ட்டுட்டுப் படுக்கணும்."

அவள் விலகினாள். அவன் படியிறங்கிப் போனான்.