இடது ஓரம், தூணுக்குப் பக்கத்தில்

என் அக்கா கணவருக்குக் கடையில் வைத்த பெயர் 'இருட்டு'. நேரில் கூப்பிடும்போது மட்டும் மரியாதையாக 'இருட்டண்ணே' என்பார்கள். பெரிய மின்சாதனக் கடை அது. வாங்கிய டிவியை வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டி, ஓடவிட்டுக் காட்டிவிட்டு வருவது அவர் வேலை. மற்ற ஆட்கள் மாட்டியதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவருக்குக் கை சும்மா இருக்காது. ரிமோட்டை எடுத்து, அந்த வீட்டுக்காரரே இனி ஆயுசுக்கும் திறக்கப்போகாத பக்கத்தையெல்லாம் திறந்து, படத்தை அடக்கிவிட்டுத்தான் வருவார்.

கடையில் டிவிகளைக் கண்ணைப் பறிக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். அங்கே எரிகிற விளக்குகளுக்கு அந்த மினுக்கு வேண்டியிருக்கிறது. ஜனங்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதே மினுக்கை வீட்டுக் கூடத்தில் வைத்துச் சினிமா பார்ப்பது பாவம் என்பது அத்தானின் கட்சி. 'சினிமா மோடு' என்று ஒன்று உண்டு, அதை வைத்து முதலில் வெளிச்சத்தை இறக்குவார். பிறகு நிறத்தை. பிறகு கூர்மையை ஏறக்குறைய பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். கடைசியாக, ஓட்டத்தை வழவழப்பாக்கும் ஒரு வசதி இருக்கிறது. அதை வைத்தால் எப்பேர்ப்பட்ட படமும் வீட்டு விசேஷத்தில் எடுத்த வீடியோ மாதிரி ஆகிவிடும். அதை அணைக்கும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

"என்னங்க இது, எல்லார் மூஞ்சியும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?" என்பார்கள் வீட்டுக்காரர்கள்.

"ரெண்டு நாள் பாருங்க, பழகிரும். அப்புறம் பழசை வச்சுப் பார்த்தா உங்களுக்கே நீலமாத் தெரியும்."

ரெண்டு நாள் யார் பொறுக்கிறார்கள்? மறுநாளே கடைக்குப் போன் வரும், டிவி இருட்டடிக்கிறது என்று. பெயர் வந்த கதை அதுதான்.

ஏன் இப்படி ஆனார் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் கிடையாது. சிலருக்கு வாசலில் செருப்பு நேராகக் கிடக்கவேண்டும். இவருக்குக் கறுப்பு கறுப்பாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். முடிவெட்டுகிற கடையில் கழுத்தில் துணியோடு எழுந்துபோய் ரிமோட் கேட்டிருக்கிறார். பல் டாக்டரிடம் ஒரு பக்கத்துத் தாடை மரத்துப்போன நிலையிலும் கேட்டிருக்கிறார். என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாற்றிவைப்பார். அவர் தெருமுனை தாண்டியதும் என் மனைவி பழையபடி ஆக்கிவிடுவாள். அடுத்த முறை வந்து அவர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். மறுபடியும் ரிமோட்டை எடுப்பார். எனக்கு எரிச்சலாக வரும். வீடு என்னுடையது, கண்ணும் என்னுடையது, இந்த மனுஷனுக்கு இதில் என்ன வந்தது?

படம் விஷயத்தில் அவர் வாயில் பொய் வராது. இதையும் சொல்லியாகவேண்டும். கடை மேலாளர் புதிதாக ஒரு பெரிய டிவி வாங்கி, ஆட்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாராம். எப்படி இருக்கிறது என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டே வந்தவர் அத்தானையும் கேட்டிருக்கிறார். "பரவாயில்ல சார், ரேடியோவா வச்சுக் கேக்கலாம்" என்றிருக்கிறார் இவர். அந்த வருஷம் வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போனது. அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவர்களுக்கு ஒரே பையன். ஆள் உயரம், அதனால் வீட்டில் நெட்டையன். தலைநகரத்தில் கணக்கு வேலைக்குப் போனவன், வேலையை விட்டுவிட்டுப் படப்பிடிப்புகளில் கூட்டத்தில் நிற்கப் போய்விட்டான். அத்தான் "போகட்டும்" என்றதோடு சரி. அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளங்கவில்லை. அக்காதான் திண்டாடினாள். அவள் ஆடை தைக்கும் கூடம் ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறாள். மகன் சினிமாவில் இருக்கிறான் என்று அங்கே சொல்லிவைத்துவிட்டாள். "எந்தப் படம்க்கா? எந்த இடத்துல வர்றான்?" என்று பெண்கள் கேட்டுக்கேட்டு, பதில் சொல்ல முடியாமல் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார ஆரம்பித்திருந்தாள். ஒன்றரை வருஷமாக மகனைக் கண்ணால் பார்க்கவும் இல்லை. எங்கேயோ பட்டினி கிடந்துகொண்டு போனில் கதை விடுகிறானோ என்ற பயம் அவளுக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் அவனே ஒரு படத்தின் பெயரைச் சொன்னான். அதில் ஒரு கிடங்குக் காட்சி வரும். கதாநாயகனுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பார்கள். இடது ஓரம், தூணுக்குப் பக்கத்தில் நிற்பது இவன். எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வருவதற்குள் படம் மூச்சை விட்டுவிட்டது. ஆனால் வீட்டில் பார்க்கும்படி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா என்னையும் கூப்பிட்டாள். "நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லணும்டா" என்றாள்.

அத்தான் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, கதவிடுக்கில் ஒரு பழைய துண்டைச் சொருகி, படத்தைப் போட்டார். கிடங்குக் காட்சி வந்தது. கதாநாயகனின் முகத்தில் பாதி மட்டும் வெளிச்சம். பின்னால் கன்னங்கரேல் என்று இருட்டு. தூண் இருந்தது என்று சொன்னால் நம்பலாம், அவ்வளவுதான். காட்சி முடிந்துவிட்டது.

"எங்கே?" என்றாள் அக்கா.

அத்தான் மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதே இருட்டு.

"உங்க சினிமா மோடைத் தூக்கிக் குப்பையில போடுங்க! எல்லாத்தையும் இருட்டாக்கி வச்சு, இப்ப எம்புள்ளையையும் சேர்த்து இருட்டாக்கிட்டீங்க. ஏத்துங்க."

"எடுத்தவன் அப்படித்தான் எடுத்திருக்கான்."

"எடுத்தவன் பெத்தானா, நான் பெத்தேனா? ஏத்துங்கன்னா!"

இருபத்தைந்து வருஷத்தில் அவர் யாருக்காகவும் செய்யாததைச் செய்தார். ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தை ஏற்றினார். கறுப்பு சாம்பலாயிற்று. இன்னும் ஏற்றினார். கதாநாயகன் மூஞ்சி சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துப்போனது. பின்னால் இருந்த இருட்டு கட்டம் கட்டமாக உடைந்து, அந்தக் கட்டங்கள் புழு மாதிரி நெளிய ஆரம்பித்தன. பார்க்கவே சகிக்கவில்லை. நான் அத்தானின் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" அக்கா எழுந்து திரைக்கு அருகே போனாள். படம் அசையாமல் நின்றது. இடது ஓரத்தில், ஒரு மங்கல் மேல் இன்னொரு மங்கல் சாய்ந்திருந்த இடத்தில், விரலை வைத்தாள். "இதோ. இது அவன் தோள்பட்டை. ஒரு பக்கம் தூக்கித்தான நிப்பான்? நீங்களே பாருங்க, அவன்தானே?"

எனக்கு அங்கே ஒரு மண்ணும் தெரியவில்லை. அத்தான் எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரைக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"ஆமா, அவன்தான்" என்றார்.

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இளைச்சுத்தான் போயிருக்கான்" என்றாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தம்வரை அத்தான் என்னோடு நடந்துவந்தார். மனசு கேட்காமல் நான் கேட்டுவிட்டேன். "நிஜமாவே தெரிஞ்சுதா அத்தான்?"

"படத்துல ஒண்ணு இருந்து அது இருட்டுல மறைஞ்சிருந்தா ஏத்தினா வரும். ஒண்ணுமே இல்லைன்னா எவ்வளவு ஏத்தினாலும் வராது."

"அப்ப ஏன் அவன்தான்னு சொன்னீங்க?"

"உங்க அக்கா பார்த்துட்டாளே" என்றார். பஸ் வந்துவிட்டது.

திங்கட்கிழமை அக்கா தையல் கூடத்தில் இடம் சொல்லி, ஆளைச் சொல்லி, தோள்பட்டையைச் சொல்லிவிட்டாள். மறுநாள் பாதிப் பெண்கள் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒருத்தி அவன் திரும்பிப் பார்த்ததாகவே சாதித்தாளாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அக்கா அன்றிலிருந்து எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

நெட்டையன் அந்த வாரம் முழுக்கப் போனை எடுக்கவில்லை. சனிக்கிழமை அவனாகவே கூப்பிட்டபோது நான் அங்கேதான் இருந்தேன். அக்கா பேச விடாமல் பேசினாள். "பார்த்தோம்டா! நல்லாத் தெரிஞ்சுது. அப்பாதான் ஏத்திக் காட்டினார். அப்பாவே சொல்லிட்டார் நீதான்னு." பிறகு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான் போலிருக்கிறது. அவரிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க அவள் உள்ளே போனாள்.

அத்தானுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனை வாங்கியதும் சத்தத்தை முழுதாக ஏற்றிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"அப்பா, நான் அந்தப் படத்துல இல்லப்பா. நாங்க நின்ன ஷாட் எல்லாத்தையும் தூக்கிட்டாங்களாம். பின்னாடி ஆளே இல்லாம திரும்ப எடுத்திருக்காங்க. எனக்கே போன வாரம்தான் தெரியும். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் போனே எடுக்கல. நீங்க எப்படிப்பா... உங்களுக்குத் தெரியாம இருக்காதே?"

அத்தான் சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே பாத்திரம் இறக்கும் சத்தம் கேட்டது. அங்கே இருப்பவளுக்கும் கேட்கவேண்டும் என்பதுபோல, வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினார்.

"பார்த்தேன், பார்த்தேன். நல்லாத்தான் நின்னிருந்த. அடுத்த படத்துல கொஞ்சம் முன்னாடி வந்து நில்லு."